கொல்லைக்கு வரும் பூனைகள்: சோறு வைப்பதா, நிறுத்துவதா?

வாசகர் கடிதம்: தஞ்சாவூருக்கு அருகே ஓட்டு வீடும் பெரிய கொல்லையுமாக இருக்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அடைமழையில் ஒதுங்கிய மூவண்ணப் பூனை ஒன்றுக்கு இரக்கப்பட்டுச் சோறு வைத்தேன். எங்கள் வீட்டில் அசைவம் சமைப்பதில்லை என்பதால் பால்சோறும் தயிர்சோறும்தான். இன்று வளர்ந்த பெட்டைகள் நான்கு, கடுவன்கள் இரண்டு, இரண்டு மாதக் குட்டிகள் மூன்று என ஒன்பது பூனைகள் நிற்கின்றன. அந்த முதல் பூனையின் வயிறு மறுபடியும் பெரிதாகத் தெரிகிறது. இரண்டு பெட்டைகள் மட்டும் காலை உரசும். மற்றவை கிட்டே போனால் ஓடிவிடும். நாற்றம் அடிக்கிறது, தொட்டிச் செடிகளைக் கிளறுகின்றன என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிடச் சொல்கிறார்கள். ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மகள் வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கே வருகிறாள். பூனையால் கருவுக்கு ஆபத்து என்று சம்பந்தி வீட்டில் பயப்படுகிறார்கள். சோறு வைப்பதை நிறுத்திவிட்டால் பூனைகள் போய்விடுமா?

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள அம்மா, நிறுத்தினால் போகாது. நீங்கள் சோறு வைப்பதை நிறுத்தினாலும் அந்தப் பூனைகள் அதே ஓட்டின் மீதும் அதே வைக்கோல் போரின் அடியிலும்தான் இருக்கும். பசியால் பக்கத்து வீட்டு அடுக்களைக்குள் நுழையும், குப்பைத் தொட்டியைக் கிளறும், மெலிந்து நோயுறும், அந்த நிலையிலும் குட்டி போடும். ஆனால் இப்போது செய்வதை இப்படியே தொடரவும் கூடாது. கருத்தடை செய்யாமல் சோறு மட்டும் வைத்துக்கொண்டிருந்தால், இன்னும் ஓராண்டில் உங்களால் எண்ணவே முடியாத நிலை வரும். தினமும் நீங்கள் வைக்கும் அந்தத் தட்டுதான் அவற்றைப் பிடித்து அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோக உங்களுக்கு இருக்கும் ஒரே வழி. ஆகவே சோற்றை நிறுத்தாமல், அதை ஒழுங்குபடுத்தி, அதன் துணையோடு ஒன்பது பூனைகளுக்கும் கருத்தடை செய்து முடிக்க வேண்டும் என்பதே என் ஆலோசனை.

அவசரம் ஏன் என்று சொல்கிறேன். பெட்டைப் பூனை பெரும்பாலும் ஐந்து, ஆறு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். சில நான்கு மாதத்திலேயே வரும். சினைக்காலம் 63 முதல் 65 நாள்கள்தாம். ஓர் ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள் வரை ஈனும். அவை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கவும் கூடும். பூனையின் சினைப்பருவத்தைத் தூண்டுவது பகல் வெளிச்சத்தின் நீளம் என்பதால், குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் அவற்றின் இனப்பெருக்கம் ஓய்ந்துவிடும். நம் ஊரில் மார்கழியில்கூடப் பகல் பெரிதாகக் குறைவதில்லை. அதனால் இங்கே பூனைகளுக்கு அந்த ஓய்வுக்காலம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். இப்படிப் பிறக்கும் குட்டிகளில் பெரும்பகுதி ஆறு மாதத்தைக்கூடத் தாண்டாமல் வயிற்றுப்போக்கிலும் சளிக் காய்ச்சலிலும், நாய்களின் வாயிலும், வண்டிச் சக்கரத்திலும் இறந்துபோகின்றன. உங்கள் கொல்லையில் காணாமல் போன குட்டிகளை நீங்களே நினைத்துப் பார்த்தால் தெரியும். இந்தச் சாவுகளைத் தடுக்க நமக்கு இருக்கும் நேர்மையான வழி, அவை பிறக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விடும் யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். தெரியாத இடத்தில் இறக்கிவிடப்பட்ட பூனையை அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் விரட்டியடிக்கும். அது தன் பழைய இடத்தைத் தேடிப் புறப்பட்டு வழியிலேயே அடிபட்டுச் சாகும். இங்கே காலியான இடத்துக்கோ, ஓட்டுக் கூரையும் நிழலும் எலியும் இருக்கும் வரை, வேறு பூனைகள் வந்து சேரும். விலங்குகளுக்கு வதை தரும்படி அவற்றைக் கட்டிக் கொண்டுபோவதும், பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி கைவிடுவதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றங்கள். விஷம் வைத்துவிடலாம் என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி அதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு என்பதை அவரிடம் அமைதியாகச் சொல்லிவையுங்கள்.

முதலில் உணவு. நீங்கள் அன்போடு வைக்கும் பால்சோறும் தயிர்சோறும் பூனையின் வயிற்றை நிரப்புமே தவிர அதன் உடலைத் தாங்காது. பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும். அது இறைச்சியிலும் மீனிலும் உண்டு, அரிசியிலும் பருப்பிலும் இல்லை, பாலில் போதிய அளவு இல்லை. நீண்ட காலம் டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும். இதயத் தசை தளர்ந்து பெருத்து, மூச்சுத்திணறி இறக்கும். அதோடு, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. பக்கத்து வீட்டார் சொல்லும் நாற்றத்தில் ஒரு பங்கு, பால் குடித்து இளகிப் போகும் கழிச்சலிலிருந்து வருவதாகவே இருக்கும்.

அசைவம் சமைக்காத வீட்டில் இதற்கு எளிய தீர்வு, கடையில் விற்கும் பூனைகளுக்கான உலர் தீவனம். மூன்று கிலோ எடையுள்ள வளர்ந்த பூனை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் போதும். பாலூட்டும் தாய்க்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேலும் தேவைப்படும். விலை குறைவு என்று நாய்த் தீவனத்தை வாங்கிவிடாதீர்கள். பூனைக்கு வேண்டிய டாரினை உறுதிசெய்து அது தயாரிக்கப்படுவதில்லை. செலவு கட்டுப்படியாகவில்லையென்றால், முட்டையை வேகவைத்து மசித்துத் தீவனத்தோடு கலந்து அளவை நீட்டிக்கலாம். மீனோ கோழியோ சமைத்துத் தர யாராவது முன்வந்தால், உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, முள்ளும் எலும்பும் நீக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். சாம்பார், ரசம், பொரியல் மீதியை வைக்க வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை.

உணவை நாள் முழுவதும் தட்டில் போட்டு வைக்காமல், காலையிலும் இருட்டுவதற்கு முன்பும் குறித்த நேரத்தில் வைத்து, அரை மணி நேரத்தில் மீதியை எடுத்துவிட வேண்டும். இரவில் கிடக்கும் தீவனம் பெருச்சாளியையும் தெருநாயையும் அழைத்து வரும். எறும்புத் தொல்லைக்கு, அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே தட்டை வைத்தால் போதும். ஒவ்வொரு முறையும் தட்டை ஒரே விதமாகத் தட்டி ஓசை எழுப்பிக் கூப்பிடுங்கள். அந்த ஓசைக்கு ஒன்பதும் வந்து நிற்கும் பழக்கம் பின்னால் கூண்டு வைக்கும்போது பெரிதும் உதவும். உண்ணும் இடம் பக்கத்து வீட்டு மதிலிலிருந்தும் உங்கள் அடுக்களை வாசலிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். தண்ணீரை மட்டும் எப்போதும் நிழலில் ஒரு மண்சட்டியில் வைத்திருந்து, தினமும் மாற்றுங்கள்.

அவை உண்ணும்போது ஒரு நோட்டில் ஒவ்வொன்றின் நிறம், அடையாளம், பெட்டையா கடுவனா, மடி தெரிகிறதா என்பதை எழுதி வையுங்கள். தொட முடியாத குட்டிகளின் பாலினத்தை அறிய நிறம் ஓரளவு துணை செய்யும்: மூவண்ணப் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெட்டைகள், முழுச் செம்பழுப்புப் பூனைகளில் கடுவன்கள் அதிகம். செம்பழுப்பு நிறத்தைத் தரும் மரபணு, பெட்டைக்கு இரண்டும் கடுவனுக்கு ஒன்றுமாக உள்ள எக்ஸ் குரோமோசோமில் இருப்பதே இதற்குக் காரணம்.

இனி அறுவை சிகிச்சை. கூண்டை வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள், ஏனென்றால் பூனையைப் பிடித்த பிறகு இடம் தேடி அலைந்தால் அது கூண்டுக்குள் வதைபடும். உங்கள் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது. அங்கும், அரசு கால்நடை மருத்துவமனையிலும், நகரில் செல்லப்பிராணிகளைப் பார்க்கும் தனியார் மருத்துவர்களிடமும் விசாரிக்கலாம். கையில் பிடிபடாத பூனையை ஏற்றுக்கொள்வார்களா, என்ன செலவாகும், எந்தக் கிழமையில் கொண்டுவரலாம் என்று தெளிவாகக் கேளுங்கள். தையல் பிரிக்க மறுபடியும் பிடிக்க முடியாது என்பதால் தானே கரையும் நூலால் தைக்க வேண்டும் என்றும், மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக் குடற்புழு மருந்தும் கொடுத்துவிட வேண்டும் என்றும், அடையாளத்துக்காக இடது காதின் நுனியைச் சிறிதளவு நீக்கிவிட வேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காது நுனி நீக்குவது கொடுமையாகத் தோன்றலாம். மயக்கத்தில் செய்வதால் அப்போது வலி தெரியாது. அந்த அடையாளம் இல்லாவிட்டால், ஏற்கெனவே கருத்தடை ஆன பெட்டையை இன்னொரு முறை பிடித்து வயிற்றைத் திறக்க நேரலாம்.

பெட்டைகளுக்கே முதலிடம். காலை உரசும் இரண்டும் ஒருகாலத்தில் யார் வீட்டிலோ வளர்ந்தவையாகவோ, குட்டியிலேயே மனிதர்களைப் பழகியவையாகவோ இருக்கலாம். அவற்றை மூடியுள்ள கூடையில் உணவு வைத்துப் பழக்கினால் கூண்டே தேவைப்படாது. மற்றவற்றுக்கு, உணவை நோக்கிப் போகையில் உள்ளிருக்கும் பலகையை மிதித்ததும் கதவு விழும் கம்பிக் கூண்டு வேண்டும். எலிக்கூண்டு போதாது, பூனை முழுவதுமாக உள்ளே போனபின் கதவு வாலில் விழாத நீளம் இருக்க வேண்டும். கதவு விழாதபடி கட்டிவைத்து, சில நாள்கள் அந்தக் கூண்டுக்குள்ளேயே உணவு வையுங்கள். பூனைகள் அச்சமின்றி உள்ளே போய்வரத் தொடங்கிய பிறகு, மருத்துவர் குறித்த நாளுக்கு முந்தைய மாலை உணவைக் குறைத்துவிட்டு, மணம் மிகுந்த தீவனத்தைக் கூண்டின் கடைக்கோடியில் வைத்துக் கட்டை அவிழ்த்துவிடுங்கள்.

பூனை சிக்கியதும் கனமான துணியால் கூண்டு முழுவதையும் மூடிவிட வேண்டும். இருட்டானதும் அதன் முட்டலும் மோதலும் அடங்கும். எக்காரணம் கொண்டும் கையை உள்ளே விடாதீர்கள். ஒரு கூண்டில் இரண்டு பூனைகளை வைக்காதீர்கள். கூண்டை வெயிலிலோ கண்காணிப்பு இல்லாமலோ விட்டுச் செல்லாதீர்கள். வளர்ந்த பூனைக்கு இரவு முதல் உணவு இல்லாமல் இருப்பது மயக்க மருந்துக்குப் பாதுகாப்பானது. சிறு குட்டிகளை அவ்வளவு நேரம் பட்டினி போடக் கூடாது என்பதால் நேரத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவைக்குப் பின், மயக்கம் முழுவதும் தெளிந்த கடுவனை மறுநாள் விட்டுவிடலாம். பெட்டையை, காற்றோட்டமான ஓர் அறையில் செய்தித்தாள் விரித்த கூண்டில் இரண்டு மூன்று நாள்கள் வைத்திருந்து, நன்றாக உண்கிறது, புண்ணில் கசிவு இல்லை என்று கண்ட பிறகு பிடித்த அதே இடத்தில் விடுங்கள். குட்டிகளுக்குப் பாலூட்டும் தாயாக இருந்தால் அவ்வளவு நாள் வைத்திருக்க முடியாது. மருத்துவர் சம்மதித்ததும் விரைவில் குட்டிகளிடம் சேர்த்துவிட வேண்டும். கருத்தடையால் பால் வற்றிவிடாது. இத்தகைய தாய்க்கு விலாப்புறம் திறந்து செய்யும் முறை நல்லது: மடியில் கத்தி படாது, புண் எப்படி இருக்கிறது என்பதையும் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

வயிறு பெருத்திருக்கும் மூவண்ணப் பூனையை உடனே காட்டுங்கள். சினை தொடக்கத்தில் இருந்தால் கருத்தடையோடு அந்தச் சினையும் நீக்கப்படும். இது மனத்துக்குச் சங்கடமான செய்திதான், உங்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை. ஏற்கெனவே ஒன்பது பூனைகள் இருக்கும் இடத்தில் இன்னும் நான்கு குட்டிகள் பிறந்து சாவதைவிட இதுவே இரக்கமான செயல் என்பது என் கருத்து. நாள் நெருங்கிவிட்டது என்று மருத்துவர் சொன்னால், ஈன விட்டு, குட்டிகள் ஏறத்தாழ ஆறு வாரம் ஆனதும் தாயைப் பிடித்துவிட வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் அடுத்த சினை முந்திக்கொள்ளும்.

மூன்று குட்டிகளைப் பொறுத்தவரை காலம் கடந்துகொண்டிருக்கிறது. பூனைக்குட்டி மனிதரை நம்பக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இரண்டாம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில். இரண்டு மாதத்தில் இன்னும் முடியும், ஆனால் பொறுமை வேண்டும். அவற்றை ஓர் அறைக்குள் வைத்து, கையால் ஊட்டி, தினமும் சிறிது நேரம் மடியில் வைத்துப் பழக்கினால் நல்ல வீடுகளுக்குக் கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது, நான்கைந்து மாதத்தில் கருத்தடை செய்வோம் என்ற உறுதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள். குட்டிகளை அடுத்தடுத்துக் கொல்லும் பார்வோ என்ற வைரஸ் இனத்தால் வரும் நோய்க்கான தடுப்பூசியையும் இந்த வயதிலேயே தொடங்க வேண்டும். அந்த நோய் ஒருமுறை வந்துபோன இடத்தில் கிருமி ஓராண்டு வரைகூட உயிரோடிருக்கும்.

இப்போது உங்கள் மகள். சம்பந்தி வீட்டார் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அச்சம் உண்மையைவிடப் பெரிதாகிவிட்டது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளியேறக்கூடியது. கர்ப்பிணிக்கு முதன்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். ஆயினும் பெரும்பாலான பூனைகள் தம் வாழ்நாளில் ஒருமுறை, அதுவும் ஒன்று முதல் மூன்று வாரம் வரை மட்டுமே அதை வெளியேற்றும். வெளியேறிய மலத்தில் அது தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். பூனை காலை உரசுவதாலோ ஒரே வீட்டில் இருப்பதாலோ அது தொற்றாது. சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, மண்ணளைந்த கை ஆகிய வழிகளில்தான் மனிதருக்கு அது பெரும்பாலும் வருகிறது. எனவே பூனை மலம் அள்ளுவதையும், கொல்லை மண்ணைக் கொத்துவதையும் உங்கள் மகள் செய்யவே கூடாது. வேறு ஒருவர் கையுறை போட்டுத் தினந்தோறும் மலத்தை அள்ளிப் புதைத்துவிட வேண்டும். கொல்லைக் கீரையைப் பல முறை கழுவி நன்றாக வேகவைக்க வேண்டும். வீட்டில் பூனைகள் இருப்பதை மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவையென்றால் அவர் இரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்.

இதைவிட நான் அஞ்சுவது கடியையும் கீறலையும்தான். நம் நாட்டில் வெறிநோய் நாய்க்கு மட்டும் உரியதல்ல, பூனையிடமிருந்தும் வரும். வந்துவிட்டால் பிழைக்க வழியில்லை. பூனை கடித்தாலோ, கீறினாலோ, உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள் தொடங்கி 3, 7, 28ஆம் நாள்களில் தொடர்வார்கள். இரத்தம் கசிந்த காயமென்றால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். கர்ப்பிணிக்கும் இவை பாதுகாப்பானவை. பூனையைச் சில நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். கடிப்பற்கள் ஊசிபோல ஆழ இறங்கி மேல்தோல் மூடிக்கொள்வதால், வெறிநோய் இல்லாவிட்டாலும் ஓரிரு நாளில் சீழ் பிடிப்பது பூனைக்கடியில் சாதாரணம்.

பக்கத்து வீட்டாரின் குறை நியாயமானது. அதை நியாயமானது என்றே ஏற்றுக்கொண்டு அவர்களிடம் பேசுங்கள். கொல்லையில் அவர்கள் மதிலுக்கு எதிர்மூலையில், மழை படாத இடத்தில் நான்கைந்து சட்டி மணலைக் கொட்டி, அடிக்கடி கிளறித் தளர்வாக வைத்திருந்தால் பூனைகள் பெரும்பாலும் அங்கேயே போகப் பழகும். அவர்களுடைய தொட்டிகளில் மண் மறையும்படி கூழாங்கல் பரப்பும் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளலாம். கடுவன்களுக்குக் கருத்தடை ஆன சில வாரங்களில் சுவரில் பீய்ச்சும் சிறுநீரின் கடுமையான வீச்சமும், இரவுச் சண்டைக் கூச்சலும் பெருமளவு குறைந்துவிடும் என்பதை அவர்களிடம் சொல்லி, அறுவைக்கு நாள் குறித்திருப்பதையும் தெரிவியுங்கள். நாள் குறித்துச் செயல்படுகிறவரிடம் மனிதர்கள் சற்றுப் பொறுத்துப் போவார்கள்.

நாற்றத்துக்கு ஃபினாயில் ஊற்றிக் கழுவும் வழக்கம் இருந்தால் உடனே விட்டுவிடுங்கள். ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. ஈரத்தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே அது நோயுறும். சோப்புத் தண்ணீரும் வெயிலும் போதும். இதே காரணத்தால், காய்ச்சலாகத் தெரிகிறதே என்று பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துச் சோற்றில் வைத்துவிட வேண்டாம். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். காது விளிம்பிலும் முகத்திலும் சாம்பல் பூத்தாற்போல் பொருக்குக் கட்டினால் அது சொறிப்பூச்சி; எண்ணெய் தடவாமல் மருத்துவரிடம் சொல்லி மருந்து வாங்குங்கள்.

உங்கள் மகள் ஐந்தாம் மாதத்தில் இருக்கிறாள். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு என்றால் ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம் இருக்கிறது. அதற்குள் நான்கு பெட்டைகளுக்கும், முடிந்தால் இரண்டு கடுவன்களுக்கும் முடித்துவிடலாம். பிரசவ வேலைகள் தொடங்கிவிட்டால் கூண்டு தூக்க உங்களுக்கு நேரம் இருக்காது. நீங்கள் மருத்துவமனையில் இருக்கும் நாள்களுக்கு, அதே நேரத்தில் அதே ஓசையோடு தட்டு வைக்க ஒருவரை இப்போதே பழக்கிவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகும் காது நுனி முழுதாக உள்ள புதிய பூனை ஒன்று எப்போதாவது தட்டருகே வந்து நிற்கும். அதை விரட்ட வேண்டாம். நோட்டில் குறித்துக்கொண்டு, அது குட்டி போடுவதற்கு முன் அந்த வாரமே கூண்டை எடுத்துவிடுங்கள்.